சமையக்கட்டு வரைக்கும் ஒரு பெஞ்சு

எந்திரிக்காதீங்க சார்... பரவால்ல, துணி விழுந்தா விழட்டும், நான் எடுத்துக்கறேன். நீங்க இருந்த இடத்துல அப்படியே இருங்க. ம்... அவ்வளவுதான். இப்ப மெதுவா, தலைய மட்டும் திருப்பி அந்தப் பக்கம் பாருங்க. நீங்க உக்காந்திருக்கிற பெஞ்சு அப்படியே போகுதா? போயி, அந்தக் கதவு வழியா சமையக்கட்டுக்குள்ள நுழையுதா? கடைசி முனையில ஒரு அம்மா உக்காந்து பீன்ஸ் நறுக்கிட்டிருக்காங்களா? அது என் சம்சாரம். நீங்க எந்திரிச்சீங்கன்னா அவ தரைக்குப் போயிடுவா. அவ எந்திரிச்சான்னா நீங்க போயிடுவீங்க. நீங்க கடைக்குள்ள வந்து முழுசா அஞ்சு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள என் குடும்பமே உங்களை நம்பித்தான் நிக்குது, பாத்துக்கோங்க.

இல்ல இல்ல, பயப்பட ஒண்ணுமில்ல. நீங்க வர்ற வரைக்கும் அந்த இடத்துல ரெண்டு மெஷின் தலை, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு மூட்டை வெட்டுத்துணி, எல்லாம் ஏத்தி வச்சிருந்தேன். பேண்ட் தைக்க ஒருத்தர் துணியோட வந்திருக்காரு, அவரை நிக்க வச்சுப் பேசுறது மரியாதையில்லையேன்னு எல்லாத்தையும் இறக்கிட்டு உங்களை உக்காரச் சொன்னேன். உங்களுக்கும் அந்த மூட்டைக்கும் எடை கிட்டத்தட்ட சரியா வந்துடுச்சு. கண் அளவுதான். தொழில்ல ஊறினா அது தானா வந்துடும் சார்.

இப்ப மணி மூணே முக்கால். நாலு மணிக்கு என் மச்சினனும் மாமியாரும் வர்றாங்க. வந்து, இந்த நடுவுல, சமையக்கட்டு வாசப்படிக்கிட்ட, பெஞ்சோட கால் இருக்கிற இடத்துல உக்காரணும். உக்காந்து ரெண்டு நிமிஷம் கழிச்சு எந்திரிச்சுட்டாப் போதும். என் மானம் தப்பிச்சுடும். அது வரைக்கும் நீங்க இந்த முனை, அவ அந்த முனை. உங்க பேண்ட்ட வர்ற செவ்வாய்க்கிழமையே தந்துடறேன். மத்தவங்களுக்கு ரெண்டு வாரம் ஆகும். உங்களுக்குச் செவ்வாய். சரியா?

நீங்க கேக்கல, ஆனாலும் சொல்றேன். வாய் வரைக்கும் வந்துட்டதை முழுங்குனா எனக்கு நெஞ்சு கரிக்கும்.

போன மாசம் மாமியாரும் மச்சினனும் வந்தாங்க. இந்த வீட்டுல உக்கார என்ன இருக்கு? முன்னாடி கடை, பின்னாடி சமையக்கட்டு, மேல ஒரு படுக்கை ரூம். கடையில ஒரு மெஷின் ஸ்டூலு, அது என்னுது. மாமியார் பாட்டுக்குக் கட்டிங் டேபிள்ல உக்காந்துட்டாங்க. அதுல நான் சாக்பீஸால ஒரு பேண்ட்டோட பின்பக்கம் வரைஞ்சு வச்சிருந்தேன். பாக்கெட் மார்க்கு எல்லாம் போட்டு. நானும் கவனிக்கல, அவங்களும் கவனிக்கல. எந்திரிச்சு வீட்டுக்குப் போறாங்க, ரெண்டு தெரு தாண்டி. அவங்க புடவைக்குப் பின்னாடி ஒரு பேண்ட் போகுது சார். நல்ல கட்டிங்தான், அதுல குறை சொல்ல முடியாது. ஆனா மாமியார் மேல போகக் கூடாது இல்லையா.

மறுநாள் அம்மாவையும் கூட்டிக்கிட்டு மச்சினன் வர்றான். அவன் மரவேலை. கதவு, ஜன்னல், கட்டில்னு நல்லாத்தான் செய்வான், இல்லேன்னு சொல்லல. வந்தவன் நல்லபடியாத்தான் சொன்னான். "மாமா, நான் ஒரு பெஞ்சு அடிச்சுத் தரேன், நாலு பேர் உக்கார்ற மாதிரி. அரை நாள் வேலை." நான் என்ன சொல்லியிருக்கணும்? "சரி மாப்ள, சந்தோஷம்." ரெண்டு வார்த்தைல முடிஞ்சிருக்கும். இந்த வாய் சும்மா இருக்குதா? "பெஞ்சுக்கு எதுக்குடா ஒரு ஆளு? நீ மரத்த வெட்டுற, நான் துணிய வெட்டுறேன். உன் சரக்கு வச்ச இடத்துல இருக்கும், என் சரக்கு வழுக்கிக்கிட்டு ஓடும். ஓடுற சரக்க வெட்டுறவனுக்கு நிக்கிற சரக்கு ஒரு கஷ்டமா?"ன்னுட்டேன்.

அவன் சிரிச்சான். சிரிச்சுட்டுப் போயிருந்தாலும் பரவால்ல. "மாமா, மரத்துல அளவு முக்கியம். தப்புனா தப்புனதுதான், பிரிச்சுத் தைக்க முடியாது"ன்னான். அளவு. என்கிட்ட. இருபத்திரண்டு வருஷமா கழுத்துல டேப் போட்டுக்கிட்டு நிக்கிறேன் சார். குளிக்கும்போது மட்டும்தான் கழட்டுறது. என்கிட்ட வந்து அளவு முக்கியம்ங்கிறான்.

பேச்சு வளந்துடுச்சு. கடைசியில அவன் ஒரு பந்தயம் போட்டான். மாமியாரும் அங்கதான் இருந்தாங்க. "நீங்களே செய்ங்க மாமா. அடுத்த மாசம் முதல் ஞாயிறு, நாலு மணி. அம்மாவும் நானும் வந்து உக்காருவோம். பெஞ்சு நின்னுச்சுன்னா இனிமே உங்களை மாமான்னு கூப்பிட மாட்டேன், மாஸ்டர்னுதான் கூப்பிடுவேன். நிக்கலேன்னா, அம்மா முன்னாடி நீங்க ஒரே ஒரு வாக்கியம் சொல்லணும். ‘எனக்கு அளவெடுக்கத் தெரியாது.’ அவ்வளவுதான்."

யோசிச்சுப் பாருங்க சார். ஒரு டெய்லர் வாயால சொல்ற வாக்கியமா அது? அதுவும் மாமியார் முன்னாடி. அவங்க காதுல ஒண்ணு விழுந்தா அது தெரு பூரா விழுந்த மாதிரி. அவங்களுக்குப் பொண்ணு போன் வாங்கிக் குடுத்திருக்கா, அது எதுக்குன்னே எனக்குப் புரியல. அப்புறம் எவன் என்கிட்ட துணி குடுப்பான்? நீங்க குடுப்பீங்களா? ...யோசிக்கிறீங்க பாருங்க. அதைத்தான் சொல்றேன்.

சரி, வேலைய ஆரம்பிச்சேன். சம்சாரம் சொன்னா, போன்ல வீடியோ இருக்கு, அதைப் பாத்துச் செய்ங்கன்னு. பாத்தேன். அதுல ஒருத்தன் வந்து நின்னுக்கிட்டு, எடுத்த எடுப்பிலேயே "நாலரை அடி பலகை எடுத்துக்கங்க"ங்கிறான். யாரு உக்காரப் போறா, குண்டா ஒல்லியா, எத்தனை பேரு, ஒண்ணும் கேக்கல. நாலரை அடி. ரெடிமேட் புத்தி சார். இவனுங்களாலதான் நம்ம தொழிலே படுத்துச்சு. போன அணைச்சுட்டேன். நாம உக்கார்ற ஆளை அளவெடுத்துத்தான் பெஞ்சு செய்யணும்னு முடிவு பண்ணிட்டேன்.

நாலு பேரு. நானு, அவ, மாமியாரு, மச்சினன். உக்கார்ற சாமானுக்கு எந்த அளவு வேணும்? சீட்டு. இடுப்புக்குக் கீழ, நல்லா அகலமா இருக்கிற இடம். பேண்ட்டுக்கு எடுக்குற அதே அளவுதான். எனக்கு முப்பத்தெட்டு. மச்சினனுக்கு நோட்டுலயே இருக்கு, முப்பத்தாறு. சம்சாரத்துக்கு நாப்பது... என்னம்மா? உண்மையைத்தானே சொல்றேன், சாருக்குத் தெரிஞ்சா என்ன. கோச்சுக்கிட்டு எந்திரிச்சுடாத, சாரு விழுந்துடுவாரு.

மாமியாருக்குத்தான் சிக்கல். நான் போயி டேப்ப எடுத்துக்கிட்டு நிக்க முடியுமா? அதனால இவளை அனுப்பினேன். இவ அங்க போயி, "ஜாக்கெட் தைக்கணும்மா"ன்னு சொல்லி அளவெடுத்திருக்கா. அவங்க கேட்டிருக்காங்க, "ஏண்டி, ஜாக்கெட்டுக்கு எதுக்குடி அங்க எடுக்குற, உன் புருஷன் எதைத்தான் தைக்கப் போறாரு?" இவ டேப்ப சுருட்டிக்கிட்டு ஓடி வந்துட்டா. நாப்பத்தி நாலு. அதுக்கப்புறம் அவங்களா ஆள் விட்டுக் கேட்டாங்க, புது மாதிரி ஜாக்கெட் எப்ப வரும்னு. அது வேற ஒரு தனிக் கடன் நிக்குது.

கூட்டிப் பாருங்க. முப்பத்தெட்டும் முப்பத்தாறும் எழுபத்தி நாலு. நாப்பது சேத்தா நூத்திப் பதினாலு. அத்தையோட நாப்பத்தி நாலு, ஆக நூத்தி அம்பத்தெட்டு. கூட்டல் எனக்கு என்னைக்கும் தப்பாது. நான் இரவுப் பள்ளிக்கூடத்துல படிச்சவன், வாத்தியாரே கணக்க என்கிட்ட குடுத்து ஒரு தடவை பாக்கச் சொல்வாரு. அப்புறம் தையலுக்கு விடணும் இல்லையா. ஆளுக்கு ரெண்டு பக்கமும் அரை அரை இஞ்ச். நாலு இஞ்ச். மொத்தம் நூத்தி அறுவத்தி ரெண்டு. பதிமூணரை அடி. அளவுன்னா இது அளவு. சும்மா நாலரை அடின்னு அடிச்சு விடுறதில்ல.

இவ அப்பவே ஏதோ சொன்னா. "நாம உருண்டுக்கிட்டா உக்காரப் போறோம்?"னு. கட்டிங் தெரியாதவங்ககூட என்ன பேசுறது சார். பட்டனுக்குக் காஜா எடுக்குற வேலைய மட்டும் பாருன்னுட்டேன்.

மரக்கடைக்குப் போனேன். பதிமூணரை அடி பலகை, ஓரடி அகலம், ஒரே துண்டா வேணும்னேன். கடைக்காரரு மூணு தடவை கேட்டாரு. "பள்ளிக்கூடத்துக்கா?" இல்ல, வீட்டுக்கு. "எத்தனை பேரு வீட்டுல?" ரெண்டு பேரு, மத்த ரெண்டு பேரு வந்து போறவங்க. "படகு ஏதும் கட்டப் போறீங்களா?" பெஞ்சுங்க. அவரு என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, உள்ள போயி அவரு அண்ணனைக் கூட்டிக்கிட்டு வந்து, "இவருதான்"னு காட்டுனாரு. காட்டட்டும். ஜனங்களுக்கு நுணுக்கமா வேலை செய்றவனைப் பாத்தா வேடிக்கையாத்தான் இருக்கும்.

ஒரு தள்ளுவண்டியில வச்சுக் கொண்டு வந்தேன். வண்டி நாலடி, பலகை பதிமூணரை. நம்ம தெருமுனையில திரும்பணும். பின்னாடி இருந்து நான் தள்ளுறேன், எனக்கு முன்முனை எங்க இருக்குன்னே தெரியல, அது எனக்கு முன்னாடியே திரும்பிப் போயிடுச்சு. போயி நேரா சலூனுக்குள்ள நுழைஞ்சுடுச்சு. சலூன்காரரு அப்பத்தான் ஒருத்தருக்கு மீசைய ஒதுக்கிட்டிருக்காரு. பலகை அவரு முழங்கைய லேசாத்தான் தொட்டிருக்கு. லேசாத் தொட்டா என்ன, கையில கத்தி இருக்கே. அந்தாளுக்கு வலது பக்க மீசை போயிடுச்சு. அதுக்கும் சலூன்காரரு என்னைத்தான் திட்டுறாரு.  அந்தாளு கண்ணாடியில ரெண்டு பக்கமும் முகத்தத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அப்புறம் "மீதியையும் எடுத்துடுங்க"ன்னாரு. அவரைப் பாத்தா பத்து வயசு குறைஞ்ச மாதிரி இருக்கு, அதை எவனும் பேச மாட்டேங்கிறான்.

கால் வலிக்குதா சார்? ஓ, தரை எட்டலையா. அது ஒண்ணுமில்ல, காலுக்கு ரெண்டு இஞ்ச் கூட விட்டிருக்கேன். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பேண்ட்டுக்கு மடிச்சு விடுவோமே, பின்னால இறக்கிக்கலாம்னு. ஆமா, பெஞ்சு வளராதுதான். அதைச் செஞ்சு முடிச்சப்புறம்தான் யோசிச்சேன். கை பழக்கம் சார், மூளையக் கேக்காது.

நீங்க உக்காந்திருக்கிற இடத்துல ஒரு கறுப்பு முக்கோணம் இருக்கும், எந்திரிக்காம லேசாத் தொட்டுப் பாருங்க. அது டிசைன் இல்ல. பலகை ஒரு பக்கம் கொஞ்சம் மேல தூக்கிட்டு நின்னுச்சு. துணி இப்படித் தூக்குனா நாம என்ன செய்வோம்? தண்ணி தெளிச்சு இஸ்திரி போடுவோம். போட்டேன். படியல. பெட்டிய வச்சுட்டு வாசல்ல ஒருத்தருகிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்தேன். ரெண்டு வார்த்தைதான். திரும்பி வந்தா வீடு பூரா புகை. பலகை மட்டும் அப்படியே தூக்கிக்கிட்டு நிக்குது. பிடிவாதம்னா மரத்துக்குத்தான் சார்.

இதெல்லாம் போகட்டும். கால் அடிக்கிற வேலைதான் பெரிய வேலை. பலகைய உள்ள கொண்டாந்தாச்சு, கடை ஒம்பது அடி. மீதி நாலரை அடி எங்க போகும்? கதவு வழியா சமையக்கட்டுக்குள்ள போகுது. சரி, போகட்டும், விருந்தாளி உக்காந்துக்கிட்டே சமையலையும் பாத்துக்கலாம். ஆனா இந்த முனையில கால் அடிச்சா மெஷின் பெடல் இடிக்குது. அந்த முனையில அடிச்சா கேஸ் சிலிண்டர் இடிக்குது. அதனால வாசப்படிக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டடிதான். அப்ப கடையில இருந்த பலகைய இன்னும் ரெண்டடி உள்ள தள்ளினா நடு சரியா வாசல்ல வந்துடுது. அழகா இருந்துச்சு. பேண்ட்டுக்குக் காலு எங்க ஆரம்பிக்குது? நடுவுலதானே? ஓரத்துலயா வைக்கிறோம்?

மொதல்ல ட்ரையல். அவளை உக்காரச் சொன்னேன். நடுவுல உக்காருன்னா கேக்காம அந்தப் பக்கம் போயி உக்காந்தா. இந்தப் பக்கம் அப்படியே மேல எந்திரிச்சு, கொடியில தொங்குன எட்டு சட்டையையும் மாட்டிக்கிட்டு நின்னுச்சு. அவ அங்க தரையில உக்காந்துக்கிட்டு, "மாஸ்டர், ட்ரையல் எப்படி இருக்கு?"ங்கிறா. அன்னைக்கு ஆரம்பிச்சவ இன்னும் என்னைப் பேரு சொல்லியோ ஏங்கன்னோ கூப்பிடல, மாஸ்டர்தான். அவன் கூப்பிடணும்னு நான் ஆசைப்பட்டதை இவ கூப்பிடுறா. ஆனா கேக்க அவ்வளவு நல்லா இல்ல.

தப்பு யாரோடது? என்னோடது இல்ல. மரக்கடைக்காரன் ஒரே மாதிரி எடை இல்லாத பலகையக் குடுத்துட்டான், அது ஒண்ணு. இந்த வீட்டுக்காரன் ரூம சின்னதாக் கட்டி வச்சிருக்கான், அது ரெண்டு. அளவு எங்கேயும் தப்பல. நானும் பத்து தடவை கூட்டிப் பாத்துட்டேன்.

என்ன சார், மணி பாக்குறீங்க? பத்து நிமிஷம்தான். சரி, உங்க நேரத்த வீணாக்கக் கூடாது, அளவ எடுத்துடலாம். இருங்க இருங்க, எந்திரிக்கிறதுக்கு ஒரு முறை இருக்கு. ஏம்மா, நீயும் தயாரா இரு. நான் ஒண்ணு ரெண்டு மூணு சொல்வேன், மூணுல ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிக்கணும். ரெண்டரையில யாரும் எந்திரிக்கக் கூடாது. கத்திய கீழ வச்சுடும்மா. ஒண்ணு... ரெண்டு... மூணு. ஆங். பாத்தீங்களா, பெஞ்சு ஆடவே இல்ல. யாரும் உக்காரலேன்னா இது மாதிரி ஒரு பெஞ்சு கிடையாது.

கைய தூக்குங்க. உயரம் முப்பத்தொம்பது. இடுப்பு முப்பது. பரவால்லையே, உடம்ப நல்லா வச்சிருக்கீங்க. சீட்டு... மூச்ச விடுங்க சார், பிடிச்சு வச்சுக்கிட்டா வீட்டுக்குப் போயிக் கிழியும். சீட்டு முப்பத்தி நாலு. தொடை... கீழ பாட்டம் எப்படி வேணும், கொஞ்சம் குறைச்சுடவா? சரி. அவ்வளவுதான். மறுபடியும் ஒண்ணு ரெண்டு மூணு, சேந்து உக்காருங்க. ஒண்ணு... ரெண்டு... மூணு. வசதியா இருக்கா?

...

சார், கொஞ்சம் அசையாம இருங்க. இல்ல, பெஞ்சுக்காக இல்ல. நீங்க உக்காந்திருக்கிற இடம்... டேப்ப வச்சுக்கறேன், கூச்சப்படாதீங்க. இந்த ஓரம்... அந்த ஓரம்.

பதிமூணு.

உங்களுக்குச் சீட்டு முப்பத்தி நாலு. நோட்டுல இப்பத்தான் எழுதினேன். பலகையில பதிமூணு இஞ்சுதான் புடிச்சிருக்கீங்க. மீதி இருபத்தொண்ணு எங்க சார் இருக்கு?

...சுத்தி இருக்கு.

ஏம்மா. சிரிக்காத. பீன்ஸ் பாத்திரம் ஆடுது. நீ அன்னைக்கு உருண்டுக்கிட்டா உக்காரப் போறோம்னு கேட்டியே, அப்பவே கொஞ்சம் விளக்கமாச் சொல்லியிருக்கக் கூடாதா? என்ன, சொன்னியா? காஜா வேலையப் பாருன்னு நானா சொன்னேன்? ...சொன்னேன்.

இருபத்திரண்டு வருஷமா மனுசனைச் சுத்தியே அளந்தவன் சார் நானு. குறுக்க ஒரு ஆளு எவ்வளவுன்னு எனக்கு ஒரு நாளும் தேவைப்பட்டதில்ல. தோள் ஒண்ணைத்தான் குறுக்க எடுப்போம். தோள்ல எவன் உக்காரப் போறான்? நாலு பேருக்கு அஞ்சடி போதும். அஞ்சடின்னா அந்தச் சுவரோரம் அடங்கியிருக்கும். கால ரெண்டு ஓரத்துலயும் அடிச்சிருக்கலாம். மரக்கடைக்காரரு நல்ல மனுசன் சார், மூணு தடவை கேட்டாரு. சலூன்ல அந்தாளு இன்னைக்கு மீசையோட இருந்திருப்பாரு.

சரி. நடந்தது நடந்துடுச்சு. இது இந்த ரூமுக்குள்ள மூணு பேருக்குத்தான் தெரியும். நான் சொல்ல மாட்டேன். அவ சொல்ல மாட்டா... ஏம்மா, சொல்ல மாட்டேல்ல? உன் தம்பிதான், இருந்தாலும் கட்டினவன் நானு. பாருங்க, தலைய ஆட்டுறா. என்னதான் மாஸ்டர் மாஸ்டர்னு கிண்டல் பண்ணாலும், விட்டுக் குடுக்க மாட்டா. ஒரு வாரமா அந்த முனையிலேயே உக்காந்து எனக்காக ஒத்திகை பாத்திருக்கா சார். நீங்களும் சொல்லாதீங்க. உங்களைக் கேட்டா, சும்மா அளவு குடுக்க வந்தேன், பெஞ்சு ரொம்ப வசதியா இருந்துச்சு, அதனால உக்காந்துட்டேன்னு சொல்லுங்க. பேண்ட் செவ்வாய் வேணாம், திங்கக்கிழமையே தரேன். உள்ள லைனிங் போட்டுத் தரேன்.

ஷ். செருப்பு சத்தம். அவங்கதான். நேரத்துக்கு முன்னாடியே வந்துட்டான் பாருங்க, தோத்தவன் முகத்தப் பாக்க அவ்வளவு அவசரம். எல்லாரும் சாதாரணமா இருங்க.

வாங்க அத்தை. வா மாப்ள. வெயில்ல வந்திருக்கீங்க. இதோ... இதுதான். ஆமா, முழுசா நானேதான். நீளமா இருக்கா? அது... வசதிக்குத்தான். சாரு நம்ம கஸ்டமரு. உள்ள அக்கா இருக்கா, அக்காவால இப்ப எந்திரிக்க முடியாது, வேலையா இருக்கா, இருந்த இடத்துல இருந்தே உங்களை வாங்கங்கிறா. அடியில குனிஞ்சு என்ன மாப்ள பாக்குற, பந்தயம் உக்கார்றதுக்குத்தான், ஆராய்ச்சிக்கு இல்ல. அத்தை, நீங்க இப்படி நடுவுல வாங்க. அங்க இல்ல அத்தை, அது ஓரம். இப்படி வாசப்படிக்கு நேரா, காத்து நல்லா வரும். அத்தை, ஓரத்துக்குப் போகாதீங்க, அங்க சாரு உக்காந்திருக்காரு...

சார், நீங்க ஏன் சார் காலால தரையத் தேடுறீங்க. வேணாம் சார். பெரியவங்க வந்துட்டாங்கங்கிற மரியாதை எனக்குப் புரியுது சார், நல்லா வளத்திருக்காங்க உங்களை. ஆனா நீங்க எந்திரிச்சு இடம் விட வேண்டியதில்ல. பதிமூணரை அடி இருக்கு சார். இடம் இருக்கு சார். இடத்துக்கு மட்டும் குறையே இல்ல சார். உக்காருங்க. சார்...

...

ஏம்மா, அடி ஒண்ணும் படலையே? ...சிரிக்கிறா. அடி படல. பீன்ஸ் மட்டும்தான்.

அத்தை, அப்படியே நில்லுங்க, அசையாதீங்க. நீங்க உக்கார வந்த இடம்தான் அது, இப்ப உங்க நெஞ்சு உசரத்துக்கு வந்து நிக்குது. ஒண்ணும் பண்ணாது. அதுல தொங்குறது யாரோ ஒருத்தரு சட்டை, எடுத்துக் குடுங்க இப்படி.

மாப்ள, நீ கீழ உக்காந்து சிரி. சுவத்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சா சுண்ணாம்பு ஒட்டும்.

சார், துணிய எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? அளவு எடுத்தாச்சே சார். இல்ல சார், உங்க பேண்ட்டுக்கு அந்த முப்பத்தி நாலு சரியான அளவுதான். பேண்ட் சுத்தித்தானே சார் போடுறோம். பெஞ்சு வேற, பேண்ட் வேற. நான் பேண்ட்ல இதுவரைக்கும்... சார்... திங்கக்கிழமை வேணாம்னா இன்னைக்கு ராத்திரியே தரேன் சார்...

போறாரு. மெதுவா வேற போறாரு. திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே.

என்ன மாப்ள, முடிஞ்சுதா சிரிச்சு? ...தெரியும். ஞாபகம் இருக்கு. அத்தை முன்னாடி, ஒரே ஒரு வாக்கியம். சொல்றேன். சொல்ல மாட்டேன்னு யாரு சொன்னா, சொல்றேன்னா சொல்றேன். அத்தை, நீங்க அந்த ஸ்டூல்ல உக்காருங்க, அது கடையில வாங்கினது. நீயும் வா, முன்னாடி வந்து நின்னுக்கோ. ஏம்மா, நீயும் எந்திரிச்சு வா, நீயும் கேளு.

ஒரு நிமிஷம் மட்டும் பொறு மாப்ள. அந்தாளு தெருமுனை திரும்பட்டும்.